கலைமானின் நெற்றியில் ஒரு பொட்டு

"இதை எத்தினை பேர் பத்திரமா வைச்சிருக்கினம்?"

அக்கா கேக்கிற கேள்வி இது ஒண்டுதான். துவக்குப் பெட்டியோடை வந்து நிக்கிற எல்லாரிட்டையும் இதைத்தான் கேப்பா. பிறகு அவ விலை சொல்லத் தேவையில்லை. வந்தவையின்ரை முகத்திலையே விலை எழுதியிருக்கும்.

டோர்ட்மண்டிலை நான் உடுப்புத் திருத்துற கடை வைச்சிருந்த காலம் அது. ஜேர்மன் மார்க் போய் ஒய்ரோக் காசு வந்து, சனமெல்லாம் விலையைப் பாத்துப் பாத்துத் திட்டிக்கொண்டிருந்த நேரம். எனக்குப் பக்கத்துக் கடை வேட்டைச் சாமான் கடை. முன்னுக்குப் பச்சை ஜக்கெட், சப்பாத்து, தூரக்கண்ணாடி. பின்னுக்கு இரும்பு அறையிலை துவக்குகள். அக்கா அங்கைதான் வேலை. மெலிஞ்ச மனிசி. கழுத்திலை தாலிக்கொடியோடை ஒரு பூதக்கண்ணாடியும் தொங்கும். எங்கடை சனம் அவவுக்கு வைச்ச பேர் துவக்கு அக்கா.

"ஊரிலை துவக்குக்குப் பயந்து ஓடி வந்திட்டு, இஞ்சை வந்து துவக்குத் துடைக்கிறா, பாருங்கோவன்" எண்டு கோயில்லை பின்னுக்கு நிண்டு குசுகுசுப்பினம். அக்காவுக்குக் காது கூர்மை. திரும்பி, "துடைக்கிறதில்லை பிள்ளை, விலை பாக்கிறன். உம்மடை காப்பையும் பாக்கோணுமோ?" எண்டு கேப்பா. காப்பு உடனை சீலைத் தலைப்புக்குள்ளை போயிடும்.

எல்லாத் துவக்குக்கும் அவ விலை பாக்கிறதில்லை. நினைவுத் துவக்கு எண்டு ஒரு சாதி இருக்கு. ஒரு சூட்டுக் கழகத்துக்கு நூறு வயசு, ஒரு துவக்குக் கொம்பனிக்குப் பிறந்தநாள் எண்டால், இரட்டைக் குழல் துவக்கை விசேசமாச் செய்விப்பினம். பக்கத் தகட்டிலை தங்கத்தாலை மானும் தாராவும் பதிச்சு, இலக்கம் வெட்டி, பச்சை வெல்வெட் வைச்ச மரப்பெட்டிக்குள்ளை வைச்சுக் குடுப்பினம். வாங்கின மனிசன் அதைச் சுடமாட்டான். சுட்டால் விலை இறங்கிடுமாம். ஆரையும் தொடவும் விடமாட்டான். கடைசியிலை ஒருநாள் செத்துப் போவான். பிறகு மனிசி பெட்டியைத் தூக்கிக்கொண்டு அக்காவிட்டை வருவா.

அப்பிடி ஒரு கிழவி வந்த அண்டைக்கு நான் அங்கை நிண்டனான். அந்தக் கடைக்குத் துவக்கு உறை தைச்சுக் குடுக்கிறது நான்தான். கிழவி பெட்டியைக் குளிக்கிற துவாயாலை சுத்தி, கைக்குழந்தையைத் தூக்கிற மாதிரித் தூக்கிக்கொண்டு வந்தா. அக்கா வெள்ளைக் கையுறை போட்டா. பெட்டியைத் திறந்தோண்ண முதல் மணந்து பாப்பா, எப்பவும் அப்பிடித்தான். பூஞ்சணம் பிடிச்ச பெட்டியோ, எண்ணெய் போட்டு வைச்ச பெட்டியோ எண்டு மூக்கு சொல்லுமாம். பிறகு துவக்கை மடிச்சுத் திறக்கிற மூட்டிலை தேய்ஞ்ச கோடு இருக்கோ எண்டு பாப்பா. ஸ்குரூத் தலையளைப் பாப்பா. குழலுக்குள்ளை ரோச் அடிச்சுப் பாப்பா.

"என்ரை மனிசன் இதாலை ஒருக்காலும் சுட்டதில்லை" எண்டா கிழவி, நல்ல பெருமையோடை.

"தெரியுது. வடிவா வைச்சிருந்திருக்கிறார். இதை எத்தினை பேர் பத்திரமா வைச்சிருக்கினம்?"

"அவையின்ரை கழகத்திலை எல்லாரும் வாங்கினவை. எல்லாரும் பத்திரமாத்தான்..."

கிழவி அந்த இடத்திலை நிப்பாட்டிட்டா. பெட்டியைப் பாத்தா. அக்காவைப் பாத்தா. பிறகு சிரிச்சாவே ஒரு சிரிப்பு! "இவ்வளவு வருசமும் இதைச் சுத்தித் தூசி தட்டினது நான்" எண்டு சொல்லிச் சொல்லிச் சிரிச்சா. எனக்கும் அடக்க ஏலாமல் போச்சு.

அக்கா சிரிக்கேல்லை. "சுடாததுக்குத்தான் விலை கூட, அது உண்மை. ஆனால் ஒருத்தரும் சுடேல்லையெண்டால் சுடாததிலை என்ன விசேசம், அம்மா? துவக்கை விடுங்கோ, பெட்டியை விப்பம். இதே துவக்கை வைச்சுக்கொண்டு பெட்டியைத் துலைச்ச ஒருத்தர் எனக்குத் தெரியும். பெட்டிக்கு அவர் நல்லாக் குடுப்பார்" எண்டா. துவக்கை விடப் பெட்டிக்குக் கிராக்கி. உண்ணாணை, நான் என்ரை காதாலை கேட்டது.

ஒரு சதம் கூட்டிச் சொல்லமாட்டா. ஆறுதலுக்கெண்டாலும் சொல்லமாட்டா. "நினைவுத் துவக்குக்கு, நினைக்கிற ஆக்கள் இருக்கு மட்டும்தான் விலை" எண்டுவா. பேர் வெட்டின துவக்கைக் கொண்டு வந்தால், "பேருக்குரியவருக்கு மட்டும் இது பெரிய துவக்கு" எண்டுவா. சண்டை பிடிச்சுக்கொண்டு போனவையும் இருக்கினம். பிறகு வேறை நாலு இடத்திலை கேட்டுப்போட்டு, தொப்பியைக் கையிலை பிடிச்சுக்கொண்டு திரும்பி வருவினம்.

உந்தக் குணம் கடையோடை நிண்டிருந்தால் பறவாயில்லை. அவ அதை எல்லா இடமும் கொண்டு திரிஞ்சா. ஒருநாள் என்ரை கடைக்கு ஒரு மனிசி மகளின்ரை பிளவுஸ் தைக்கக் குடுக்க வந்தவ. அக்கா தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு மூலையிலை இருந்தா. வந்த மனிசி பொருந்தி வந்த மாப்பிளையைப் பற்றி ஒரே புளுகு. பெடியன் குடிக்கமாட்டானாம், சிகரட் இல்லையாம், சிநேகிதம் இல்லையாம், வேலை விட்டால் வீடாம், ஒரு வாய் சமைக்கக்கூட அம்மா விட்டதில்லையாம்.

"அப்ப பெட்டி பிரிக்காத மாப்பிளை எண்டு சொல்லுங்கோ" எண்டா அக்கா.

மனிசிக்கு விளங்கேல்லை. "ஓம் ஓம், புதுசு மாதிரி" எண்டு தலையாட்டினா. நான் ஊசியைத் தேடுற மாதிரி மேசைக்குக் கீழை குனிஞ்சிட்டன். "உப்பிடி எத்தினை வீட்டிலை பத்திரமா வைச்சிருக்கினம் எண்டு ஒருக்கா விசாரியுங்கோ" எண்டும் சொல்லிப்போட்டுத்தான் அக்கா எழும்பிப் போனா. அந்தக் கலியாணம் நடந்தது. பெடியனுக்கு முட்டை பொரிக்கவும் தெரியாதெண்டு பிள்ளை பிறகு வந்து என்னட்டை அழுதது வேறை கதை.

என்னையும் விட்டு வைச்சவவே? என்ரை வீட்டுச் சோகேசிலை ஒரு பீங்கான் செற் இருந்தது, ஓரத்திலை பொன் கோடு போட்டது. என்ரை சீட்டுக் காசிலை வாங்கினது. விருந்தாளியள் வந்தால் எடுக்கிறதெண்டு வைச்சிருந்தன். அக்கா முதல் முதல் சாப்பிட வந்த அண்டைக்கு நான் வழமையான சாப்பாட்டுக் கோப்பையிலை சோறு போட்டன். அவ சோறைப் பாக்காமல் சோகேசைப் பாத்துக்கொண்டு இருந்தா.

"அது ஆருக்கு?"

"வாற விருந்தாளியளுக்கு அக்கா."

"நான் ஆர்?"

எனக்குக் கொதி வந்திட்டுது. மனிசிக்கு வாய் கொஞ்சம் எண்டே! சோகேசைத் திறந்து, பீங்கானைக் கழுவி, சோறை அதிலை கவிட்டு, டக்கெண்டு முன்னாலை வைச்சன். அக்கா ஆறுதலாக் குழைச்சுச் சாப்பிட்டா. கை கழுவி வந்து, "இப்பதான் உன்ரை செற்றுக்கு ஒரு விலை வந்தது" எண்டா. மூண்டு நாள் அவவோடை கதைக்காமல் இருந்தன். நாலாம் நாள் நானே அதிலை சாப்பிட்டன், ஆருக்கும் சொல்லாமல்.

இவ்வளவு வாயாடின மனிசி, ஒரே ஒரு துவக்கைப் பற்றி மட்டும் மூச்சு விடமாட்டா. அது முதலாளியின்ரை துவக்கு.

முதலாளி எழுபதைத் தொட்ட டொச்சுக்காரர். பெரிய வயிறு, பெரிய மீசை, அதை விடப் பெரிய மனசு. அக்காவின்ரை பேரிலை முதல் பாதிதான் அவருக்குச் சொல்ல வரும், மிச்சத்தை இருமி முடிச்சிடுவார். அக்கா அவுஸ்பில்டுங் எண்டு தொழில் பழகிற இடம் தேடி அலைஞ்சு, டொச் காணாது எண்டு எல்லா இடமும் கையை விரிச்ச நேரம், "கண் நல்லாத் தெரியுமோ? கை நடுங்காதோ? அப்ப திங்களே வாங்கோ" எண்டு தொழில் பழக எடுத்தவர் இந்த மனிசன்தான். அவரும் தன்ரை சூட்டுக் கழகத்தின்ரை நூறாம் ஆண்டுத் துவக்கு ஒண்டு வாங்கி, கடை நடுவிலை கண்ணாடி அலுமாரிக்குள்ளை பெட்டியோடை பூட்டி வைச்சிருந்தார். பக்கத் தகட்டிலை தங்கக் கலைமான் ஒண்டு, கொம்பை நிமித்திக்கொண்டு. வாறவை போறவைக்கெல்லாம் காட்டி, "உதுக்குள்ளை என்ரை வோன்மொபில் நிக்குது" எண்டுவார். கடையை விட்டு ஓய்வெடுத்தோண்ண உந்தத் துவக்கை வித்து, படுக்கை குசினியோடை ஒரு வண்டி வாங்கி, மனிசியோடை கடற்கரை கடற்கரையாத் திரியப்போறாராம்.

அந்தக் கழகத்திலை ஆளுக்கொண்டு வாங்கினவை. எல்லாரும் பத்திரமா வைச்சிருந்தவை. அதாவது, அந்தக் கிழவியின்ரை துவக்கும் இதுவும் கூடப்பிறந்தது மாதிரி.

"அவர் விலை கேட்டால் என்ன சொல்லுவியள்?" எண்டு நான் ஒருநாள் கேட்டன்.

"கேக்கக்கூடாது எண்டு முருகனுக்கு நேந்து வைச்சிருக்கிறன்" எண்டா. பகிடி இல்லை, உண்மையாவே நேந்திருந்தவ. "பொய் எனக்கு வராது. உண்மையைச் சொன்னால் அந்த மனிசன் உடைஞ்சு போகும். எனக்குச் சோறு போட்ட கை அது."

இனிப் பொட்டுக் கதைக்கு வாறன். ஒவ்வொரு வருசமும் வாணி விழா, அதுதான் நவராத்திரிக் கடைசி நாள் அக்கா தன்ரை பூதக்கண்ணாடி, ரோச், அளக்கிற சாமான் எல்லாத்துக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பா. முதல் வருசம் முதலாளி எட்டிப் பாத்து, இதென்ன எண்டு கேட்டார். எங்களுக்குச் சோறு போடுற சாமானுக்கு ஒரு நாள் மரியாதை எண்டு அக்கா விளங்கப்படுத்தினா. மனிசனுக்கு அது நல்லாப் பிடிச்சுப் போச்சு. காசு மெசினுக்கும் ஒண்டு வைக்கச் சொன்னார். அடுத்த வருசத்திலை இருந்து அவரே நாள் கேக்கத் தொடங்கிட்டார். டொச்சிலை புள்ளிக்கு புங்க்ட் எண்டு பேர். "புங்க்ட் வைக்கிற நாள் எப்ப?" எண்டு நச்சரிப்பார். துவக்குக்கு மட்டும் அக்கா வைக்கமாட்டா. ஈரச் சந்தனம் பட்டால் இரும்பு ஒரே நாளிலை கறள் கட்டிடும்.

அந்த வருசம் வாணி விழா சனிக்கிழமை முடிஞ்சது. அக்கா பொட்டெல்லாம் வைச்சு, மத்தியானம் கோயிலுக்கு வெளிக்கிடேக்கை முதலாளி மெல்லமா வந்து நிண்டார். "அடுத்த வருசத்தோடை கடையைக் குடுப்பம் எண்டு யோசிக்கிறன். திங்கள் காலமை என்ரை துவக்குக்கு நீங்கள் விலை சொல்லோணும்" எண்டார். நேர்த்தி அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா என்ரை வீட்டிலை வந்து இருந்தா. நான் பொன் கோட்டுப் பீங்கானிலை சோறு போட்டும் இறங்கேல்லை அவவுக்கு. "நீயும் நாளைக்கு வா" எண்டா. முதலாளி தன்ரை துவக்குக்குப் புது உறை ஒண்டு தைக்கச் சொல்லியிருந்தார், அதைச் சாட்டா வைச்சுக்கொண்டு நானும் போனன்.

திங்கள் காலமை முதலாளி கழுத்துப் பட்டி கட்டி, மீசைக்கு எண்ணெய் பூசி, மாப்பிளை கணக்கா நிக்கிறார். அக்கா கையுறையைப் போட்டா. பெட்டியைத் திறந்தா. குனிஞ்சு மணந்தா. அப்பிடியே என்னைத் திரும்பிப் பாத்து, "சந்தனம் மணக்குதடி" எண்டா தமிழிலை.

எட்டிப் பாத்தால், என்ரை முருகா! தங்கக் கலைமானின்ரை நெத்தியிலை பெருவிரல் அகலத்துக்குப் பொட்டு. சந்தனம் காய்ஞ்சு வெடிச்சு, குங்குமம் வழிஞ்சு, சுத்தியுள்ள இரும்பிலை மண்ணிறமாக் கறள் வளையம். மூடியின்ரை வெல்வெட்டிலையும் சிவப்பா ஒரு முத்திரை.

"நான்தான் வைச்சனான்" எண்டார் முதலாளி, வாய் நிறையச் சிரிப்போடை. "நீங்கள் போனாப் பிறகு. கிண்ணத்திலை மிச்சம் இருந்தது. பெரிய நாளைக்கு முன்னம் ஒரு மரியாதை."

அக்கா துணியாலை மெல்ல ஒத்தினா. சந்தனம் உதிர்ந்தது. சிவப்புப் போகேல்லை. கறளும் போகேல்லை. அவவின்ரை முகத்தைப் பாத்துக்கொண்டிருந்த முதலாளியின்ரை சிரிப்பு மெல்ல மெல்ல வடிஞ்சு போச்சு.

"நான் பழுதாக்கிப் போட்டனோ? எவ்வளவு குறைஞ்சு போச்சு?"

முருகன் சும்மா இருக்கேல்லை எண்டு எனக்கு அப்பதான் உறைச்சது. இதை விட நல்ல வழி கிடைக்குமே? "அக்கா, பழியைப் பொட்டிலை போடுங்கோ, தப்பிடுவியள்" எண்டு தமிழிலை சொன்னன்.

"அப்ப அந்தாள் சாகு மட்டும் தன்ரை கையாலை கெடுத்தனான் எண்டெல்லே அழும்" எண்டா அக்கா. பிறகு அவரைப் பாத்து டொச்சிலை சொன்னா: "உங்கடை புங்க்டாலை ஒரு சதமும் குறையேல்லை."

முதலாளி பெரிசா ஒரு மூச்சு விட்டார். "அப்ப சொல்லுங்கோ, என்ன விலை?"

அக்கா கையுறையைக் கழட்டி வைச்சா. விலை சொல்லேக்கை அவ கையுறை கழட்டினதை நான் அண்டைக்குத்தான் கண்டன். "இதை எத்தினை பேர் பத்திரமா வைச்சிருக்கினம்?" எண்டு கேட்டா.

அந்தக் கேள்வியை அந்த மனிசன் எத்தினை பேருக்கு அவ கேக்கக் கேட்டிருப்பார்! பின்னாலை நிண்டு எத்தினை தரம் சிரிச்சிருப்பார்! "எங்கடை கழகத்திலை எல்லா..." எண்டு தொடங்கி, கிழவி நிப்பாட்டின அதே இடத்திலை அவரும் நிப்பாட்டினார். கதிரையை இழுத்து இருந்தார். எனக்கு அழுகை வந்திட்டுது, சொன்னால் என்ன.

"எப்ப தொடக்கம் தெரியும்?"

"முதல் நாளே தெரியும்."

"ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லை. கேக்கக்கூடாது எண்டு எங்கடை சாமியிட்டை நேந்திருந்தனான்."

முதலாளி கலைமானைப் பாத்தார். "உங்கடை சாமிக்கு டொச் விளங்காது போலை" எண்டார். சிரிக்கத்தான் பாத்தார், வரேல்லை. எழும்பி இரும்பு அறைக்குள்ளை போயிட்டார். அக்கா கையைப் பிசைஞ்சுகொண்டு நிக்கிறா. நான் உறையை மடிக்கிறதும் விரிக்கிறதுமா நிக்கிறன். நல்ல நேரம் கழிச்சு வெளியிலை வந்தார். கையிலை ஒரு பெட்டி தோட்டா.

"அப்ப இனி இதாலை சுடலாம்தானே?"

"இனிச் சுடாட்டில்தான் பிழை" எண்டா அக்கா.

அந்தச் சனிக்கிழமை கழகத்தின்ரை சூட்டு வெளிக்கு எங்களையும் கூட்டிக்கொண்டு போனார். இவ்வளவு வருசம் துவக்கோடை வேலை செய்த அக்கா, ஒரு நாளும் அங்கை போனதில்லை. சத்தம் ஏலாது அவவுக்கு. ஏன் எண்டு எங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. காதுக்குப் பஞ்சு வைச்சும் முதல் வெடிக்கு என்ரை கையை இறுக்கிப் பிடிச்சா. நானும் இறுக்கிப் பிடிச்சன். மூண்டாவது வெடிக்கு, இலக்குக்கெண்டு மேலை எறிஞ்ச மண் தட்டு தூள் தூளாப் போச்சு. முதலாளி துவக்கை மடிச்சு வைச்சிட்டு, அந்த வயிறோடை ஒரு துள்ளு! அக்கா என்ரை கையை விட்டிட்டுக் கை தட்டினா.

வோன்மொபில் வரேல்லை. கடையையும் அவர் குடுக்கேல்லை. சனிக்கிழமை மத்தியானம் எண்டால் துவக்கை என்ரை உறைக்குள்ளை போட்டுக்கொண்டு வெளிக்கிட்டிடுவார். பிறகு அக்கா பிரஜாவுரிமை எடுத்து, எங்கடை பாதிச் சனத்தைப் போலை லண்டனுக்குப் போயிட்டா. போகேக்கை தன்ரை பீங்கான் எல்லாத்தையும் எனக்குத் தந்திட்டுப் போனவ. எல்லாம் ஓரம் உடைஞ்சது. எனக்கு அவவை நினைச்சால், அவ போனதுக்கு முதல் வந்த வாணி விழாதான் கண்ணுக்கை நிக்குது.

அண்டைக்குக் கடைக்கு முன்னாலை பச்சை ஜக்கெட் போட்ட கிழவன்மார் வரிசையா நிக்கினம். ஒவ்வொருத்தரின்ரை கையிலையும் ஒரு மரப்பெட்டி. முழுக் கழகமும் வந்திட்டுது! பொட்டு வைச்ச நாளிலை இருந்து எங்கடை முதலாளி ஒரு தட்டும் தவற விடுறதில்லை எண்டு ஊர் முழுக்கக் கதை. "எங்களுக்கும் அந்த இந்திய புங்க்ட் வைச்சு விடுங்கோ. நாங்களும் சுடப்போறம்" எண்டார் முன்னுக்கு நிண்டவர்.

"இந்தியா இல்லை, யாழ்ப்பாணம்" எண்டா அக்கா, சந்தனத்தைக் குழைச்சுக்கொண்டு.

எனக்குப் புளுகம் தாங்கேல்லை. "வையுங்கோ அக்கா, கோயில் உண்டியலுக்கு ஆளுக்கு அஞ்சு ஒய்ரோ வாங்குவம்" எண்டன். அக்கா வரிசையைப் பாத்தா. உள்ளுக்கு, தன்ரை துவக்கைத் தோளிலை சாத்திக்கொண்டு, கண்ணாலை வேண்டுற மாதிரி நிண்ட முதலாளியைப் பாத்தா. கிண்ணத்தைக் கையாலை மூடினா.

"துவக்குக்கு ஏலாது. வேணுமெண்டால் உங்களுக்கு வைக்கிறன். குனியுங்கோ."

ஒருத்தரை ஒருத்தர் பாத்திச்சினம். பிறகு முதலாவது மனிசன் தொப்பியைக் கழட்டிப்போட்டுக் குனிஞ்சார். அக்கா வழுக்கை நெத்தியிலை ஒண்டு வைச்சா. அடுத்தவர் குனிஞ்சார். அப்பிடியே ஒவ்வொருத்தராப் பெட்டியைக் கக்கத்துக்குள்ளை இடுக்கிக்கொண்டு, நெத்தியிலை சந்தனமும் குங்குமமுமா, டோர்ட்மண்ட் தெருவிலை வரிசையாப் போச்சினம். பஸ்ஸுக்கு நிண்ட சனம் வாயைப் பிளந்தது.

கடைசி ஆள் போனாப் பிறகு கேட்டன். "ஏனக்கா, அதுகளின்ரை துவக்குக்கும் ஒரு பொட்டு வைச்சால் என்ன? கேட்டதுதானே அதுகள்?"

ஒருத்தருக்கும் ஒரு சதம் கூட்டிச் சொல்லாத மனிசி, கிண்ணத்தைக் கழுவிக்கொண்டு, முதலாளிக்குக் கேக்காமல் மெல்லமாச் சொன்னா.

"விசரி, எல்லாத்திலையும் வைச்சால் பிறகு பொட்டு வைச்ச துவக்கை எத்தினை பேர் வைச்சிருப்பினம்?"